திறக்காத பெட்டியும் ஐந்து நாள் தண்டனையும்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இந்த வழக்கைக் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்லவேண்டும். பாதி கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லாரும் எப்சிபாவின் பொறுமையைச் சோதித்தவர்கள்தாம்.

எப்சிபா செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. முந்தைய ஆண்டு அங்கே இரண்டு மாணவிகள் சேர்ந்து இன்னொருத்தியை அடித்தார்கள். ஒருத்தி நிர்வாகக் குழு உறுப்பினரின் தம்பி மகள்; அவளுக்கு அறிவுரை கிடைத்தது. மற்றவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றோர் பள்ளி வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆறு கூட்டம் போட்டு முப்பத்துநான்கு விதிகள் எழுதினார்கள். நான்கு கூட்டங்கள் ரிப்பன் நிறத்திலும் கொலுசுச் சத்தத்திலும் போயின. தலைவலித் தைலம் தடவிக்கொண்டே எப்சிபா மீதி இரண்டையும் உட்கார்ந்து முடித்தார். உருப்படியாக வந்தவை கொஞ்சம்தான். யார் அடித்தாலும் ஐந்து நாள் பள்ளிக்கு வரக்கூடாது. கேலி செய்தால் எழுத்தில் எச்சரிக்கை. சண்டை அடிதடிவரை போகாமலிருக்க ஒரு புகார்ப் பெட்டி; வெள்ளிதோறும் அதைத் திறந்து விசாரிக்கவேண்டும். பெற்றோர் கூட்டத்தில் எப்சிபா மைக்கைப் பிடித்து, இனி யாருக்கும் எதிலும் விலக்குக் கிடையாது என்று வாக்குக் கொடுத்தார்.

பத்தாம் வகுப்பில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி. அவளுக்குத் திக்குவாய். பக்கத்தில் உட்காரும் அபிஷா அவளைப்போலவே திக்கிக் காட்டுவாள், பெஞ்சே சிரிக்கும். வகுப்பாசிரியை கோமதி ஒருநாள் அதைக் கேட்டும், "விடும்மா, விளையாட்டுக்குத்தானே" என்று பாடத்தைத் தொடர்ந்துவிட்டார். வாயால் சொல்வதுதான் பேச்சிக்குக் கஷ்டம். எழுத வரும். தாளில் எழுதிப் பெட்டியில் போட்டாள். அடுத்த வாரமும் போட்டாள். மூன்றாம் வாரமும் போட்டாள்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை மதியம், பேச்சி தண்ணீர் கேட்டாள். அபிஷா அதையே திக்கிக் கேட்டாள். பேச்சி சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்து ஓங்கி அடித்துவிட்டாள். அபிஷாவின் புருவத்துக்கு மேலே இரண்டு தையல்.

உடற்கல்வி ஆசிரியர் சுடலைமுத்து ஒழுங்குப் பதிவேட்டை எடுத்தார். அடித்தவள் பேச்சியம்மாள், தண்டனை ஐந்து நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை அறிவியல் செய்முறைத் தேர்வு, அதை விட்டால் இருபத்தைந்து மதிப்பெண் போய்விடும் என்று கோமதி சொன்னதற்கு, விதியில் தேர்வைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றார். அவர் சொன்னது உண்மைதான். முப்பத்துநான்கில் எதிலும் இல்லை.

அவர் மைதானத்துக்குப் போன நேரம் பார்த்து கோமதி அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார். அபிஷா படியில் தடுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பேருக்கும் நல்லது என்பது அவர் கட்சி.

விஷயம் எப்சிபாவிடம் வந்தது. பெட்டியில் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். சாவி எழுத்தரிடம் இருக்கும் என்றார் சுடலைமுத்து. எழுத்தர், அம்மாவிடம்தானே கொடுத்தேன் என்றார். அரைமணி நேரம் ஆளுக்கொரு பக்கம் தேடி, கடைசியில் எப்சிபாவின் மேசை இழுப்பறையிலேயே, சுற்றறிக்கைகளுக்கு அடியில் கிடைத்தது. பெட்டிக்குள் மூன்று தாள்கள். மூன்றிலும் தேதி, மணி, யார் சிரித்தார்கள் என்பது வரை குண்டு குண்டு எழுத்தில் இருந்தது. மூன்றாவதில் ஒரு வரி கூடுதல்: "இதை யாராவது படிக்கிறீர்களா?"

எரிந்து விழ எப்சிபாவுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. பிறகு புதுப் பக்கத்தில் எழுதினார்: பேச்சியம்மாள் அடித்தாள். அபிஷா மூன்று வாரம் கேலி செய்தாள். தலைமையாசிரியை எப்சிபா மூன்று வாரம் பெட்டியைத் திறக்கவில்லை. பேச்சிக்கு இடைநீக்கம் இல்லை. அபிஷாவுக்கு விதிப்படி எச்சரிக்கை மட்டும். இருவரும் நாளை வகுப்புக்கு வரவேண்டும்.

அபிஷாவின் அப்பா அன்று மாலையே வந்து நின்றார். "போன வருசம் ஒரு பிள்ளைக்கு வளைஞ்சீங்க. இந்த வருசம் இன்னொரு பிள்ளைக்கா? அப்ப எதுக்கு டீச்சர் மைக்ல வாக்குக் கொடுத்தீங்க?"

எப்சிபா அவரை வராந்தாவில் நிற்கச் சொன்னார். பேச்சியைக் கூப்பிட்டு, தண்டனை இல்லை, போய்ப் படி என்றார். அவள் போகவில்லை.

"எ... என்னை விட்டுடுங்கன்னு நான் கே... கேக்கலை டீச்சர். அ... அடிச்சது தப்புதான். நான் எ... எழுதுனத ஒரு ஆளு ப... படிச்சிருந்தா போதும்."

சொல்லிவிட்டு, வராந்தாவில் நின்ற அபிஷாவின் அப்பாவிடம் போய், திக்கித் திக்கி, முழுசாக ஒரு மன்னிப்புக் கேட்டாள். அவரும் கடைசிச் சொல் வரும்வரை நின்று கேட்டார்.

எழுதிய விதியை எழுதியபடி நடத்தினார் சுடலைமுத்து. பக்கத்தையே கிழித்தார் கோமதி. ஊரறியக் கொடுத்த வாக்கை மீறினார் எப்சிபா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: எப்சிபா செய்ததே சரி. சுடலைமுத்து ஒரு விதியை மட்டும் படித்தார். அதை அடுத்து நின்ற வெள்ளிக்கிழமை விதி அவர் கண்ணில் படவில்லை. கோமதி இரக்கப்பட்டது நிஜம்; ஆனால் அந்தப் பக்கத்தோடு, தாம் கேட்டும் கேளாமல் இருந்ததும் காணாமல் போயிருக்கும், அபிஷாவின் தையலும் படியில் விழுந்த கணக்கில் போயிருக்கும். எப்சிபா வாக்கை மீறியது அந்தத் திங்கட்கிழமை அன்று. யாருக்கும் எதிலும் விலக்கில்லை என்று சொன்ன பள்ளி, அதற்கு முன்பே மூன்று வெள்ளிக்கிழமைகள் தனக்குத் தானே விலக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. முறிந்துபோன வாக்கைக் காப்பாற்ற ஒரு பிள்ளையின் தேர்வைப் பலி கேட்பது நியாயமில்லை. அதற்காக அவரைப் பாராட்டவும் வேண்டியதில்லை. அவர் செய்தது சரிதான். மூன்று வாரம் தாமதமாகச் செய்தார்.