இடைவெளியை நினைவில் கொண்டவர்கள்

தப்பு முழுக்க அந்தக் குரல்காரம்மா மேல்தான். யார் பெற்ற பிள்ளையோ, எங்கே உட்கார்ந்து பேசுகிறாளோ, முகத்தையும் காட்ட மாட்டாள், பேரையும் சொல்ல மாட்டாள். சிங்கப்பூர் ரயில் நிலையத்தில், நல்ல தமிழில், நாலு பேருக்குப் பாதி வேலையை ஏவிவிட்டுப் போய்விட்டாள். பாதி வேலை சொல்கிறவர்களைக் கண்டாலே நாச்சிமுத்துவுக்கு ஆகாது.

நாச்சிமுத்து ஒட்டன்சத்திரம் பக்கம் மாட்டுத் தரகர். சின்ன வயசிலேயே சந்தையில் கயிறு பிடிக்கப் போய், மாட்டிடம் ஒரு உதை, மாட்டுக்காரனிடம் ஒரு உதை என்று வாங்கி, தன்னால் மேலே வந்தவர். அங்கே அவருக்கு ஏறிய படிப்பு ஒன்றுதான்: 'பிடி' என்றால் பிடிக்கணும், 'விடு' என்று சொல்கிற வரைக்கும் விடக் கூடாது. மற்றபடி கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

அவர் தங்கை மரகதம் சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் மகனுக்கு அங்கே கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தணும் என்பதால் அந்த மடி கடல் தாண்டி வந்திருந்தது. நல்ல நேரம் மதியத்துக்குள் முடிந்துவிடும். மடி வந்து சேராவிட்டால் உட்கார, நாச்சிமுத்துவின் பங்காளி ஒருவன் அங்கே வேட்டியை இறுக்கிக்கொண்டு மாற்று மடியாகத் தயாராக நின்றான். அப்படி ஒன்று நடந்துவிட்டால் நாச்சிமுத்து எந்தச் சந்தையில் தலை காட்டுவது?

கூட வந்தவர்கள் மனைவி தனக்கொடி, அவள் தம்பி ரங்கதுரை, பத்தாவது படிக்கும் மகள் ரித்விகா. மகளுக்கு வழி தெரியும், இங்கிலீஷ் தெரியும், போனில் மேப் பார்க்கத் தெரியும். காலையில் தங்கியிருந்த விடுதியில் சண்டை வந்ததும் அதனால்தான்.

"அப்பா, இது லிஃப்ட் இல்லப்பா. துடைப்பம் வெக்கிற ரூமு. எவ்வளவு நேரம் நின்னாலும் கீழ போகாது."

"கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கப்படாது, ஆமா!"

ரித்விகா வாயை மூடிக்கொண்டாள். காலை இட்லிக்குக்கூடத் திறக்கவில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

ரயிலடிக்கு ஓடுகிற படிக்கட்டில் இறங்கினார்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் படம் போட்டிருந்தது. தனக்கொடி பிடித்தாள். கீழே வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். கைப்பிடி சுருண்டு உள்ளே போயிற்று. தனக்கொடியும் அதோடு குனிந்துகொண்டே போனாள். நல்லவேளை, யாரோ சிவப்புப் பொத்தானை அமுக்கினார்கள்.

"கைய எடு புள்ள!"

"ஏனுங்க, புடிக்கத்தானுங்க சொல்லியிருக்குது. உடச் சொல்லலீங்களே?"

நியாயமான கேள்வி. நாச்சிமுத்து யோசித்து, "சரி, உடு" என்றார். விட்டாள். மனைவி என்றால் இப்படி இருக்கணும் என்று நினைத்துக்கொண்டார்.

ரயில் வந்தது. கதவு திறந்தது. நாச்சிமுத்து ஒரு காலைத் தூக்கினார். அப்போதுதான் மேலே ஒலிபெருக்கியில் அந்தம்மா வாயைத் திறந்தாள்.

"தயவுசெய்து இடைவெளியை நினைவில் கொள்ளவும்."

தூக்கிய கால் அப்படியே நின்றது. "கேட்டீங்களா? நெனவுல வெச்சுக்கோணுமாம்."

"எதையுங்க மாமா?" என்றான் ரங்கதுரை.

"இதைத்தான்." ரயிலுக்கும் மேடைக்கும் நடுவில் கறுப்பாக ஒரு சந்து கிடந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. ரயில் போயிற்று, கூடவே இடைவெளியும் போயிற்று.

அடுத்த ரயிலுக்குத் தயாராக இருந்தார்கள். வந்ததும் ரங்கதுரை மண்டி போட்டு விரலை வைத்து அளந்தான். "மூணு விரக்கடை!"

"அடுத்த கதவுல நாலு விரக்கடை இருக்குதுங்க," என்றாள் தனக்கொடி. "எதை நெனவுல வெக்கிறது?"

"பெருசையே வெச்சுக்கலாம். சின்னது அதுக்குள்ள அடங்கிரும்."

"அகலம் சரி மாமா. ஆழம்?"

நாச்சிமுத்து பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். அகலம் ரங்கதுரைக்கு, நிறம் தனக்கொடிக்கு. ஆழம் கஷ்டமான வேலை, அதை அவரே எடுத்துக்கொண்டார். வந்த ரயிலெல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் அந்தம்மா விடாமல் ஞாபகப்படுத்தினாள்.

"நம்ம மேல நம்பிக்கையில்ல பாருங்க," என்று தனக்கொடி வருத்தப்பட்டாள்.

ரித்விகா தலையில் அடித்துக்கொண்டு போனை நீட்டினாள். மரகதம் படம் அனுப்பியிருந்தாள். பங்காளி சம்மணம் போட்டு உட்கார்ந்தேவிட்டான்.

நாச்சிமுத்துவுக்கு வேர்த்தது. "ஏங் கண்ணு, எப்படிப் போறதுன்னு சொல்லு!"

மகள் உதட்டைச் சுட்டிக்காட்டினாள். உத்தரவு இன்னும் அமலில் இருந்தது. பிறகு அப்பாவின் தோளில் கிடந்த துண்டை உருவினாள். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். ரித்விகா போனைக் காட்டி, துண்டுக்குள் நாலு விரலைப் பிடித்தாள். தினமும் நாலு மணி நேரம் போன்.

"அநியாயம்! ஒண்ணு!" அவர் ஒரு விரலைப் பிடித்தார்.

அவள் ஐந்தையும் பிடித்தாள்.

"இதென்ன, ஏத்துறே?"

அவள் போன் படத்தை மறுபடியும் காட்டினாள். பங்காளிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து கையை முழுசாகக் கொடுத்துவிட்டார். இத்தனை வருசத்தில் அவரை யாரும் இப்படி மடக்கியதில்லை. வயிறும் எரிந்தது, பெருமையாகவும் இருந்தது.

"ஏறுங்கப்பா!" என்று மகள் வாயைத் திறந்தாள். "ஏறிட்டும் நெனச்சுக்கலாம்!"

இது யாருக்கும் தோன்றவில்லை.

ரயிலில் நாச்சிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள், உட்காரவில்லை. குலுங்கினால் ஆழம் சிந்திவிடும் என்றார். கோயில் வாசலில் மரகதம் அழுதபடி ஓடி வந்து, "அண்ணா, சௌக்கியமா?" என்றாள். "பேசாதே, தலைக்குள்ள ஒண்ணு இருக்குது," என்றபடியே உள்ளே போனார். பங்காளி முனகிக்கொண்டே எழுந்தான். குழந்தை தாய்மாமன் மடிக்கு வந்தது. நேரம் தப்பவில்லை. மானம் பிழைத்தது.

குருக்கள் அர்ச்சனைத் தட்டை எடுத்து, "குழந்தை பேரு?" என்றார். தாய்மாமன்தான் சொல்லணும்.

நிதிலன் என்று பேர். மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பேர்தான். ஆனால் மண்டைக்குள் அதற்கு இடம் இருந்தால்தானே!

"இடைவெளி," என்றார் நாச்சிமுத்து.

குருக்கள் எத்தனையோ புதுமாதிரிப் பேர் கேட்டவர். புருவம்கூட அசையவில்லை. "நட்சத்திரம்?"

"நாலு விரக்கடை," என்றான் ரங்கதுரை.

ரித்விகா திருத்தப் பார்த்தாள். வாயைத் திறந்தால் சிரிப்புத்தான் வந்தது. அதற்குள் மணி அடித்து, சாமி காதில் விழுந்து, குழந்தை காதிலும் தோடு ஏறிவிட்டது. சாமிக்குச் சொன்ன பேரை மாற்றுவதாக இருந்தால், சொன்னவர் முதலில் இந்தப் பேரை மறக்கணும் என்றார் குருக்கள்.

"மறக்கறதா? நானா எப்படிங்க மறக்கறது? கொள்ளச் சொன்னவங்க இன்னும் உத்தரவு குடுக்கலியே!"

ஆகவே இப்போது தாய்மாமனும் மாமியும் ரங்கதுரையும் ரயில் மேடையில் அண்ணாந்து நிற்கிறார்கள். பின்னால் தோட்டோடு குழந்தை, பிறகு மரகதம், மரகதத்தின் மாமனார், மாமியார். சாயந்திரம் ஊருக்குப் போகிற விமானம் இருக்கிறது. மூன்று பேர் தலைக்குள்ளும் சந்து அப்படியே கிடக்கிறது. அம்மா, குரல்காரம்மா, உனக்குப் புண்ணியமாகப் போகும். 'இடைவெளியை இனிமேல் மறந்துவிடவும்' என்று ஒரே ஒரு தடவை சொல்லித் தொலை. பிள்ளைக்குப் பேர் வைக்கணும்.