ஈயக்கல்லின் மூன்று வெள்ளைப் பெண்கள்

அந்தக் காலத்தில் கற்களுக்கும் வாய் இருந்தது. ஆனால் மெதுவாகத்தான் பேசும். ஒரு கல் "என்ன சேதி?" என்று கேட்டு, பக்கத்துக் கல் "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்குள், மேலே ஒரு மாமரம் பூத்துக் காய்த்து ஓய்ந்துவிடும். நீலக்குடுமி மலைக்குள் யாருக்கும் எந்த அவசரமும் இருந்ததில்லை. காரி ஒருத்திக்குத்தான் அவசரம் வந்தது.

காரி ஓர் ஈயக்கல். மலையின் வயிற்றுக்குள், ஒரு குகைச்சுவரில் இருந்தாள். கட்டம் கட்டமான உடம்பு. கரிய நிறம். கனமென்றால் அப்படியொரு கனம். அவள் புரண்டு படுத்தால் மலைக்கே இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்று மற்ற கற்கள் கேலி செய்யும். அவள் பதில் சொல்லமாட்டாள். கறுப்பாய், கனமாய் இருப்பவள் பேசாமல் இருப்பதே அழகு என்று நினைத்திருந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் சுனையன் வந்தான். அவன் மழைத்தண்ணீர். மேலே காட்டில் மக்கிக் கிடந்த இலைகளின் மூச்சை வாரிக்கொண்டு, பாறை வெடிப்பு வழியே கசிந்து இறங்கியவன், காரியின் தோளில் சொட்டி நின்றான்.

"நான் எங்கேயும் நின்னதில்லை. இங்கே நிக்கலாம்போல இருக்கு" என்றான்.

"நின்னா என்ன ஆகும்?"

"உன்னைக் கரைச்சிடுவேன். என் சுபாவம் அது."

காரி நெடுநேரம் யோசித்தாள். மேலே இரண்டு மாமரங்கள் பூத்து ஓய்ந்தன.

"கொஞ்சமாக் கரை" என்றாள்.

அவள் கொடுத்த ஈயமும் அவன் கொண்டுவந்த மூச்சும் கலந்து மூன்று பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் துலங்கி, நடுப்பெண் அல்லி, கடைக்குட்டி நொய்யாள். மூவரும் வெள்ளை. பால் வெள்ளை இல்லை. பனிக்குள் விடியற்காலை புகுந்துகொண்டதுபோல ஒரு வெள்ளை. வெடிப்பின் வழியாக ஒரு நூல் வெளிச்சம் விழுந்தாலும் போதும், அதை உடைத்து நூறாக்கிச் சுவரெங்கும் இறைத்துவிடுவார்கள். அந்தப் பொட்டுப் பொட்டான வெளிச்சத்தில் தன் கறுப்பு உடம்பைப் பார்த்துக் காரி அதிசயப்படுவாள். இத்தனை ஒளி எங்கிருந்து வந்தது? நிச்சயம் தன்னிடமிருந்து இல்லை.

தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்? ஒரு கோடையில் சுனையன் போய்விட்டான். அவன் விட்டுச்சென்ற ஈரம் மட்டும் போகவில்லை. அது நாளும் பொழுதும் காரியைக் கரைத்துக் கரைத்துப் பெண்களுக்கு ஊட்டியது. தாய் குறையக் குறையப் பெண்கள் வளர்ந்தார்கள்.

அந்த மலைக்கு ஒரு சட்டம் உண்டு. குறிஞ்சி பூக்கும் வருஷத்தில் கற்களின் பேச்சு வேகம் பிடிக்கும்; ஒரே ஒரு நாள் அவை நடக்கவும் செய்யலாம். அன்று எல்லாக் கற்களும் பெருங்குகையில் கூடும். புதிதாய்ப் பிறந்த கல் எந்தக் குலம் என்று பார்த்து, அந்தக் குலத்தார் இருக்கும் இடத்தில் அதற்கும் இடம் கொடுப்பார்கள். குலம் கிடைக்காத கல்லைச் சரிவில் உருட்டிவிடுவார்கள். உருண்டு, உடைந்து, பொடியாகி, அது பெயரில்லாத மண்ணோடு மண்ணாகும்.

காரி தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். இந்தக் குறிஞ்சி வரை தாங்குவாள். அடுத்ததற்கு இருக்கமாட்டாள். அதற்குள் பெண்களுக்கு ஓர் இடம் கிடைத்துவிட வேண்டும்.

அவள் மனதில் வைரத்தார் வீடு இருந்தது. பளபளப்பில் தன் பெண்களுக்கு அந்த வீடுதான் பொருத்தம் என்று முடிவு கட்டியிருந்தாள். ஆனால் பெண்களிடம் ஒரு பழக்கம். படுத்தாலும் நின்றாலும் மூவரும் இடுப்போடு இடுப்பு கோத்து, ஒருத்திக்குள் ஒருத்தி புகுந்ததுபோல இருப்பார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் காரி அவர்களைப் பிடித்து விலக்கினாள்.

"நேரா நில்லுங்கடி. ஒருத்தி மேல ஒருத்தி சாயக் கூடாது. வைரம் சாயுமா? தனியாத்தான் நிக்கும்."

"பயமா இருக்கும்மா" என்றாள் நொய்யாள்.

"இருக்கட்டும். காட்டாதே."

"நீ ஏம்மா இத்துனூண்டு ஆயிட்டே?"

"தூரத்திலேருந்து பாக்கிறே. அதான்" என்றாள் காரி.

குறிஞ்சி பூத்தது. கற்கள் நடந்தன. மலைக்குள் பாறையே ஆறாகி நகர்வதுபோல இருந்தது. பெருங்குகையின் நடுவில் நாட்டாமை வெங்கச்சன் உட்கார்ந்திருந்தார். அவர் வெங்கச்சங்கல், தட்டினால் பொறி பறக்கும் கெட்டி வெள்ளைக் கல்; மலையின் மூலைமுடுக்கெல்லாம் வேர்போல ஓடிய பெரிய குடும்பம் அவருடையது.

மூன்று பெண்களும் ஆளுக்கு ஒரு முழம் இடைவெளி விட்டு, நேராக, நடுங்காமல் நின்றார்கள். குகைக் கூரை முழுவதும் வெளிச்சம் பூத்தது.

"அடடே" என்று வைரத்தார் வீட்டுப் பெரியவர் எழுந்தே விட்டார். "இதுக்கு விசாரணை எதுக்கு? நம்ம வீட்டுப் பிள்ளைங்க."

காரிக்கு நெஞ்சு நிறைந்தது. கொஞ்ச நேரந்தான்.

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்று வெங்கச்சன் தன் விரல் நகத்தால் துலங்கியின் கையை லேசாகக் கீறினார். வெண்ணெயில் இழுத்ததுபோல ஒரு கோடு விழுந்தது.

வைரத்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்க வீட்டுப் பிள்ளைங்க மேல எவனும் ஒரு கோடு போட்டதில்ல. இது வேற எங்கேயோ உள்ளது."

வெங்கச்சன் அல்லியைத் தூக்கிப் பார்த்தார். கை சட்டென்று தாழ்ந்தது. "ஏ அப்பா! என்னம்மா, கல்லைத் தின்னியா?"

குகையே சிரித்தது. மூலையிலிருந்து இரும்புக்கல் எழுந்து வந்து தானும் தூக்கிப் பார்த்தது. "ஈயம் எங்க உலோக வீடு, கனமும் எங்க வீட்டுக் கனந்தான். ஆனா இவளுக்குள்ள வெளிச்சம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்துடுது. எங்க வீட்ல வெளிச்சம் வாசலோட நின்னுடும். வேண்டாம்பா."

கடைசியாகப் புளிப்புச் சோதனை. காட்டெலுமிச்சைச் சாற்றை நொய்யாளின் தோளில் ஒரு சொட்டு விட்டார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா சொன்னபடி எதையும் காட்டாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. சொட்டு விழுந்த இடத்தில் குமிழ் குமிழாகப் பொங்கியது.

"அழுகுணி" என்று யாரோ சொன்னார்கள்.

வெங்கச்சன் பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை, முறை தெரிந்தவர். "கண்ணுக்கு வைரம், கைக்கு ஈயம், நகத்துக்குச் சுண்ணாம்பு. எந்த வீட்ல சேக்கிறது? மேற்குச் சரிவுல ஒருத்தி, கிழக்குல ஒருத்தி, தெற்குல ஒருத்தி. உருட்டிடுங்க."

காரி ஓர் அடி முன்னால் வைத்தாள். வைத்த இடத்தில் அவளில் பாதி உதிர்ந்தது.

பெண்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மா சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். இடுப்போடு இடுப்பு கோத்து, ஒருத்திக்குள் ஒருத்தி புகுந்து, தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நீட்டி, ஆறு முனையுள்ள ஒரு நட்சத்திரமாக நின்றார்கள். இழுத்துப் பிரிக்க வந்த கருங்கற்கள் எந்தக் கை யாருடையது என்று தெரியாமல் விழித்தன.

"பிரிக்காதீங்க!"

குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. உவரி என்ற கிளிஞ்சல்காரி. கடல் அந்த மலைமேல் படுத்திருந்த காலத்தில் வந்து, கடல் போன பிறகும் தங்கிவிட்ட கூட்டம் அவளுடையது. வந்தேறி என்று அவர்களை யாரும் முன்வரிசையில் விடுவதில்லை. உவரி இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இப்படி நிக்க யாருடி சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் இல்லை, அத்தை" என்றாள் துலங்கி. "எப்பவும் இப்படித்தான் நிப்போம். அம்மா திட்டுவாங்க."

உவரி திரும்பிக் கைதட்டினாள். பின்வரிசையிலிருந்து அவள் வீட்டுப் படிகப் பெண்கள் வந்தார்கள். மும்மூன்று பேராக, இடுப்போடு இடுப்பு கோத்து, ஆறு முனையோடு நின்றார்கள்.

"உங்கப்பன் யாரு?" என்று உவரி கேட்டாள்.

அதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை. ஓடிப்போன தண்ணீரை யார் தகப்பன் என்று எண்ணுவார்கள்?

"மழைத்தண்ணி" என்றாள் காரி. "காட்டு இலையோட மூச்சைக் கொண்டுவந்தாரு."

"அதே மூச்சுதாங்க எங்களுக்கும், கடல்தண்ணி கொண்டுவந்துச்சு! எங்களைப் பெத்தவ சுண்ணாம்பு, இவங்களைப் பெத்தவ ஈயம். அவ்வளவுதானே வித்தியாசம்? பங்காளி வீட்டுப் பிள்ளைங்க." உவரி எலுமிச்சைச் சாற்றைப் பிடுங்கித் தன் தோளிலேயே ஊற்றிக்கொண்டாள். நுரை பொங்கியது. "இதையா அழுகைங்கிறீங்க? எங்க வீட்ல இதுக்குப் பேரு மூச்சு விடுறது."

"சரி, அந்தக் கனம்?" என்றார் வெங்கச்சன். "அந்தப் பளபளப்பு? உங்க வீட்ல யாருக்கும் இல்லையே?"

"அது தாய் வீட்டுச் சீர், நாட்டாமை. ரெண்டும் இந்தக் கறுப்பி போட்டு அனுப்பினது. இவ ஈயத்தோட கனத்துலதான் வெளிச்சம் அப்படி வளைஞ்சு உடையுது."

காரி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அங்கே சிதறியிருந்த அத்தனை ஒளியையும், தனக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்திருந்த அத்தனையையும், முதல் முறையாகத் தன்னுடையதாகப் பார்த்தாள். அவள் அப்போது ஓர் எள் அளவுதான் மிச்சம் இருந்தாள்.

வெங்கச்சன் தலையசைத்தார். உவரியின் வீட்டில் இடம் ஆயிற்று.

"அம்மா, நீயும் வா" என்றாள் நொய்யாள்.

"நடக்க முடியலடி."

நொய்யாள் குனிந்து அந்த எள்ளை எடுத்துத் தங்கள் மூன்று இடுப்பும் கூடும் இடத்தில் வைத்துக்கொண்டாள். அக்காக்கள் இருவரும் இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

"இப்போ தூரத்துல இல்லையே?" என்று நொய்யாள் அம்மாவைக் கேட்டாள்.

உள்ளேயிருந்து பதில் வந்ததா என்று அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று முதல்தான் ஈயவெள்ளைப் படிகம் கிளிஞ்சல் வீட்டுப் பங்காளியாயிற்று. வைரம்போல மின்னினாலும் கீறினால் கோடு விழுந்து, புளிப்புப் பட்டால் பொங்கி, மும்மூன்றாய்க் கோத்து நட்சத்திரமாகப் பூக்கிறது. கையில் எடுப்பவர்கள் இத்தனை சிறிய கல்லுக்கு இவ்வளவு கனமா என்று திகைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், சில கற்களின் நடுவில் இன்னும் எள்ளளவு கறுப்பு தெரிகிறது.