வைத்தியருக்கு எது வலது?

தடால்!

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வந்து சேரும் ஒரு நாட்டில், அரசவையின் நட்டநடுவே ஒரு கயிற்றுக் கட்டில் வந்து விழுந்தது. கவரி வீசிய பெண்களின் கை அப்படியே நின்றது.

கட்டிலின் தலைமாட்டைச் சுமந்து வந்தவள் மாடத்தி. கால்மாட்டைப் பிடித்தவன் அவள் தம்பி. கட்டிலில் கிடந்தவன் அவள் கணவன் சிவனணைந்தான். ஒரு நாளைக்கு நாற்பது பனை ஏறி இறங்கியவன்.

"மவராசா, எம் புருசன் காலைப் பாருங்க!" என்று போர்வையை இழுத்தாள் மாடத்தி.

அவையே மூச்சை உள்ளுக்கு இழுத்தது. இடது முட்டியில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை வெந்து குழிந்திருந்தது.

"வலி இருந்தது வலது முட்டியில. மூணு தரம் சொன்னேன். அரண்மனை வைத்தியரு சூட்டுக்கோலை இடதுல வச்சிட்டாரு. 'அது இல்லை, அது இல்லை'ன்னு இவுக கத்துனாக. அதுக்கு அவரு, 'சூடு படும்போது எல்லாரும் அப்படித்தான் கத்துவாங்க'ன்னாரு. ஒரு கால் நோயில போச்சு, ஒரு கால் வைத்தியத்துல போச்சு. இனி எதை ஊனி மரம் ஏறுவாக?"

அரண்மனை வைத்தியர் ஆதிமூலர் எழுந்தார். அவர் முகத்தில் பதற்றமே இல்லை. அதுதான் மாடத்தியைத் தூக்கிவாரிப் போட்டது.

"அரசே, வலது என்றுதான் இவள் சொன்னாள். மறுக்கவில்லை. ஆனால் அமர்ந்திருந்த நோயாளிக்கு எதிரே நான் நின்றிருந்தேன். என் வலது, அவனுக்கு இடது. யாருடைய வலது என்று சொல்லாதது இவள் பிழை. இவளைத் தூண்டிவிட்டவர் யார் என்பதும் தெரியும்" என்று அவை விகடர் குழைக்காதரை ஓரக்கண்ணால் பார்த்தார். விகடருக்கு அரசரிடம் இருந்த செல்வாக்கு வைத்தியருக்கு நெடுநாளாகவே தொண்டையில் சிக்கிய முள்.

அரசர் தொடையில் தட்டினார். "ஆகா, நுட்பமான வாதம்! இன்று முதல் எதிரே நிற்பவரின் வலப்பக்கமே வலம். இதுவே சட்டம். பழி சுமத்திய இவர்களும் தூண்டிவிட்டவரும் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டு வெளியேறட்டும்!"

மாடத்தி கட்டில் காலைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நடக்க முடியாதவனை எந்த நாட்டுக்குச் சுமப்பாள்?

"வைத்தியரே, உமக்குப் பட்டுச் சால்வை. வலப்பக்கம் சென்று நில்லும்" என்றார் அரசர்.

அந்த அவையில் அரியணையின் வலப்பக்கம் பரிசு பெறுவோர் நிற்பார்கள், இடப்பக்கம் குற்றவாளிகள். ஆதிமூலர் காலை எடுத்து வைப்பதற்குள் குழைக்காதர் ஓடிவந்து பணிவாக அவர் கையைப் பிடித்தார். பிடித்தவர் நேரே இழுத்துச் சென்றது குற்றவாளிகளின் பக்கம். அங்கே வந்து நிற்பவனுக்கு விலங்கு மாட்டியே பழகிய காவலன், வைத்தியருக்கும் மாட்டினான்.

"அடப்பாவி! இது இடப்பக்கம் ஐயா!"

"தாங்கள் அரசருக்கு எதிரே அல்லவா நிற்கிறீர்கள்? தங்கள் வலது இதுதான். சட்டம் இன்னும் சூடாகவே இருக்கிறது" என்றார் குழைக்காதர்.

"உளறாதீர்! வலது என்றால் அமர்ந்திருப்பவருடைய வலதுதான். பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்பது வைத்தியருக்கு உறைத்தது.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சட்டமும் தள்ளுபடி, நாடுகடத்தலும் தள்ளுபடி! வேறு வைத்தியர் இவனைப் பார்க்கட்டும். இவன் மறுபடி பனை ஏறும் வரை இவன் வீட்டு உலை ஆதிமூலர் வீட்டு அரிசியில் கொதிக்கட்டும். ஏற முடியாமலே போனால் ஆயுள் முழுதும். இனி நோயாளி தன் கையால் தொட்டுக் காட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் வைத்தியர் கை படக் கூடாது. குழைக்காதரே, சால்வை உமக்கு."

குழைக்காதர் அதைச் சிவனணைந்தானின் கால்களின் மேல் போர்த்தினார்.

மாடத்தி மட்டும் சிரிக்கவில்லை. "எது வலதுன்னு தெரிஞ்சுமா, சாமி, இடதுல வச்சீரு?"

விலங்கோடு நின்ற ஆதிமூலர் அவளைப் பார்க்கவில்லை, அரசரைப் பார்த்தார்.

"தங்கள் கிளிக்கு விக்கல் என்று ஆள் வந்து நின்றான், அரசே... அவசரத்தில் கைக்கு எட்டிய காலில் வைத்துவிட்டேன்."