பாதிக்கு முடிந்த பேரம்

மலைக்கும் காற்றுக்கும் வாயும் வழக்கும் இருந்த அந்தக் காலத்தில், மேல்காற்றைப் போல ஒரு பேரக்காரன் கிடையாது. யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாறையில் மோதி, மரத்தில் அடிபட்டு, நாலு இடத்தில் ஏமாந்து தானாகக் கற்ற தொழில். அதனால் தன் வாய்மேல் அவனுக்கு அளவுகடந்த நம்பிக்கை. கோபமோ மூக்கு நுனியில் நிற்கும்.

மலைக்குக் கிழக்கே கரிசல் கிடந்தாள். மூன்று வருஷமாக மழை காணாத மண். அவள் மடியில் கம்பும் சோளமும் விதையாகக் கிடந்தன. இந்த ஆடிக்குள் நனையாவிட்டால் அத்தனையும் உளுத்துப் போகும். மேற்குக் கடலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தருகிறேன் என்று மேல்காற்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

போன இடத்தில் வெயில் கடலைக் காய்ச்சி ஆவியாக்கிக் கொடுத்தது. அதை மேகப் பொதிகளாகக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினான். வழியில் முன்மலை குறுக்கே நின்றார். தன்னைத் தாண்டிப் போக வேண்டுமானால் சுங்கம் இறக்கிவிட்டுப் போகச் சொன்னார். பேச்சு துண்டுக்குள்தான் என்றும் சொன்னார்.

மாட்டுச் சந்தையில் உள்ள முறைதான். இரண்டு பேர் கையையும் துண்டால் மூடி, உள்ளே எதிராளியின் விரலைப் பிடித்து விலை சொல்வது. பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது. முடித்த பிறகு யாரும் மாறக் கூடாது. முன்மலை துண்டுக்குப் பதிலாக மூடுபனியை எடுத்து விரித்தார். கைகள் மறைந்தன. அவருக்குப் பின்னால் இருந்ததும் மறைந்தது.

முன்மலை எட்டு விரலைப் பிடித்தார். பத்துப் பங்கில் எட்டு. மேல்காற்று கையை உதறினான்.

"இது சுங்கமா, வழிப்பறியா அண்ணாச்சி?"

அவன் இரண்டு விரல் பிடித்தான். அவர் ஏழுக்கு வந்தார். அவன் மூன்றுக்குப் போனான். இழுபறி நீண்டது. பாறைமேல் நின்று பார்த்த வரையாட்டுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ காத்தே, கையைக் கொடுக்குமுன்னே பனியை விலக்கி ஒருதரம் பின்னாலே பாரு," என்றது.

"புல் மேய்கிறவளுக்குப் பேரத்தில் என்ன வேலை?" என்று சீறி, அதை அடுத்த பாறைக்குத் தள்ளிவிட்டான். அந்த ஆத்திரத்திலேயே ஐந்து விரலை இறுக்கிப் பிடித்தான். முன்மலை தலையாட்டினார். எட்டு கேட்டவரைப் பாதிக்கு இறக்கிவிட்டோம் என்று மேல்காற்றுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஏறினான். ஏற ஏறக் குளிர். கை மரத்தது. மரத்த கையில் பொதி நிற்குமா? முன்மலைக்குப் பேசிய பாதித் தண்ணீர் மேற்குச் சரிவிலேயே கொட்டி அருவியாக ஓடியது. உச்சிக்கு வந்ததும் பனி விலகியது. எதிரே இன்னொரு மலை. அதற்குப் பின்னால் இன்னொன்று. கண்ணுக்கெட்டிய மட்டும் மலை வரிசை. போகும்போது வெறுங்கையோடு உயரப் பறந்தவன் கீழே குனிந்து பார்த்ததே இல்லை.

இரண்டாம் மலை கையை நீட்டினார். "பாதியை இறக்கு தம்பி."

"உம்மோடு நான் பேசவே இல்லையே."

"சந்தை வழக்கம் தெரியாதவனா நீ? முதல் கைக்கு முடிந்த விலைதான் வரிசை முழுக்க."

தெரியும். அந்த வழக்கத்தைக் காட்டி எத்தனையோ பேர் வாயை அவனே அடைத்திருக்கிறான். இப்போது மாறினால் இந்தப் பாதையே அவனுக்கு இல்லாமல் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினான். அடுத்த மலைக்கு மீதியில் பாதி. அதற்கடுத்த மலைக்கு அதிலும் பாதி. வரையாடு ஓடைக்கரையில் நின்று, நல்ல பேரம்தான், எங்கள் பக்கத்துப் புல்லுக்கு இனிப் பஞ்சமில்லை என்று கேலி பேசியது. கடைசி மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது உடம்பு சூடேறிக் கொதித்தது. ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச ஈரமும் அந்தச் சூட்டில் போயிற்று.

அவன் இரைச்சலைத் தூரத்தில் கேட்டதுமே கரிசல் விதைகளை மடியிலிருந்து எடுத்து மேலே பரப்பி வைத்திருந்தாள். வந்தவன் நடந்ததைச் சொன்னான். எட்டு கேட்டார், நான் ஐந்துக்கு இறக்கினேன் என்று சொல்லும்போது அந்த நிலையிலும் குரலில் மிடுக்கு இருந்தது.

கரிசல் அவனையே பார்த்தாள். "நீ ஜெயிச்ச கதையைக் குடிச்சா என் பிள்ளைங்க முளைக்குமாய்யா?"

தோற்றவன் கோபம்தான் பொல்லாத கோபம். மலைமேல் காட்ட முடியாததையெல்லாம் அவள்மேல் காட்டினான். சுழன்று சுழன்று அடித்தான். பரப்பி வைத்த விதைகள் புழுதியோடு பறந்தன. அவள் தடுக்கவில்லை. முகத்தைக் கிழக்குக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று தொட்டுத்தான், ஆடி பிறந்தால் மலைக்கு மேற்கே அடைமழை, கிழக்கே அம்மியை நகர்த்தும் வெறுங்காற்று. கரிசல் ஐப்பசியில் கிழக்குக் கடலிலிருந்து மழை கொண்டுவரும் வாடைக்காற்றுக்காகக் காத்துக் கிடக்கிறாள். மேல்காற்றும் வருஷம் தவறாமல் வரத்தான் செய்கிறான். அவன் சத்தம் கேட்டு யாரும் விதையை வெளியே எடுப்பதில்லை.