வாளி வரையக் கற்றுக்கொண்ட நால்வர்

ஆவுடையப்பன் பிளாஸ்டிக்ஸ் என்று சொன்னால் திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற பஸ் கண்டக்டர்கள் எல்லாருக்கும் தெரியும். வாளி, குடம், கோப்பை, முக்காலி என்று வீட்டில் தண்ணீர் படுகிற சாமான் அத்தனையும் அங்கேதான் வார்க்கிறார்கள். அவற்றுக்கு உருவம் யோசித்து வரைந்து கொடுக்க ஒரு டிசைன் பிரிவு உண்டு. அதில் நாலு பேர். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். கம்பெனிக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

பிரிவுக்குத் தலைவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. அவருக்குக் கீழே இன்னாசி, சுடலைமணி, வடிவழகி என்று மூன்று பேர். அண்ணாச்சிக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. காலையில் உள்ளே நுழையும்போது வாட்ச்மேன் எழுந்து நின்று "வாங்க தலைவரே" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு கூட அவருக்கு இரண்டாம்பட்சம்.

அந்தத் தலைவர் பதவிக்கு ஆபத்து ஒரு வாளியால் வந்தது. வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் நடுவில் துளி இடம் கூட வீணாகக் கூடாது, லாரி வாடகை மிச்சமாகும் என்று முதலாளி ஆவுடையப்பன் சொல்லியிருந்தார். நால்வரும் ராப்பகலாக உழைத்து, துளி இடம் வீணாகாத வாளியை வரைந்து கொடுத்தார்கள். லாரியில் அருமையாக அடங்கியது. போன இடத்தில் பிரிக்கத்தான் முடியவில்லை. ஒரு கடைக்காரர் இரண்டு ஆட்களை இரண்டு பக்கமும் நிறுத்தி இழுக்கச் சொன்னார். ஆட்கள்தான் தனித்தனியாக விழுந்தார்கள், வாளி அப்படியே இருந்தது. சங்கரன்கோவில் கடைக்காரர் மட்டும் சாமர்த்தியமாக, அந்த அடுக்கை நிறுத்தி வைத்து மேலே பலகை போட்டு மேஜை என்று விற்றுவிட்டார்.

முதலாளி கூப்பிட்டு விட்டார். அவர் கோபப்பட்டால் கூட அண்ணாச்சிக்குப் பரவாயில்லை என்றிருந்திருக்கும். அவரோ ரொம்ப அமைதியாகப் பேசினார். உங்களுக்கு வேலையும் தெரியவில்லை, வேலையை எந்த வரிசையில் செய்வது என்றும் தெரியவில்லை. வெளியூரிலிருந்து நன்றாகத் தெரிந்த ஒரு ஆளைத் தேடிப் பிடியுங்கள், செலவு நான் தருகிறேன், பயிற்சி முடிகிற அன்றைக்கு ஒரு உருப்படியான வாளி என் கண் முன்னால் இருக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் நாலு பேரும் பிசிறு வெட்டுகிற கூடத்துக்குப் போக வேண்டியதுதான்.

அச்சிலிருந்து வருகிற வாளியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைப் பிளேடால் சீவி எடுப்பதுதான் பிசிறு வெட்டுவது. தரையில் சாக்கை விரித்து உட்கார வேண்டும். அங்கே தலைவர் யாரும் கிடையாது.

ஆள் தேடும் படலம் ஆரம்பமானது. நம்மைவிட விவரம் தெரிந்த ஆளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாலு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"ஒரு கேள்வி கேப்போம். சரியாச் சொன்னா விவரமான ஆளு" என்றான் இன்னாசி.

"சரியாச் சொன்னாரான்னு நமக்கு எப்படித் தெரியும்? பதில் நமக்குத் தெரியணும்லா" என்றாள் வடிவழகி.

"அப்போ நமக்குத் தெரிஞ்ச கேள்வியாக் கேப்போம்" என்றான் இன்னாசி.

சுடலைமணி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நமக்குத் தெரிஞ்சதை ஒருத்தர் சரியாச் சொன்னா, நமக்குத் தெரிஞ்சதுதான் அவருக்கும் தெரியும்னு அர்த்தம். அதுக்கு எதுக்கு துட்டு குடுத்துக் கூப்பிடணும்?"

மற்ற மூவரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். இவ்வளவு ஆழமாக அந்த அறையில் யாரும் இதற்கு முன் யோசித்ததில்லை.

தெரிந்த கேள்வியைக் கேட்பது, சரியாகப் பதில் சொல்கிறவரைத் தள்ளிவிடுவது என்று முடிவாயிற்று. மதுரையில் ஒரு பேராசிரியருக்குப் போன் போட்டு, வாளிக்குக் கைப்பிடி எதற்கு என்று கேட்டார்கள். தூக்குவதற்கு என்றார். இது எங்களுக்கே தெரியும் சார் என்று வைத்துவிட்டார்கள். சென்னையில் முப்பது கம்பெனிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவரும் தூக்குவதற்கு என்றுதான் சொன்னார். இந்தப் பதவிகளெல்லாம் இவர்களுக்கு எப்படித்தான் கிடைத்ததோ என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார். கடைசியில் கோயம்புத்தூரில் ரேணுகாதேவி என்ற அம்மாள் கிடைத்தார். அவர் மட்டும், "உங்க வாளியப் பாக்காம நான் என்னன்னுங்க சொல்றது?" என்றார்.

தெரியாது என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் இவர்தான், அது நமக்குத் தெரியாத விஷயம் என்று ஒருமனதாக முடிவாகி, ரயில் டிக்கெட் அனுப்பப்பட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த அம்மாள் நல்ல ஆசிரியை. பெரிய பெரிய வார்த்தை பேசவில்லை. மூன்றே விஷயம் சொன்னார். முதலில் தோன்றுகிற யோசனையைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். எதையும் பிளாஸ்டிக்கில் வார்ப்பதற்கு முன்னால் அட்டையில் செய்து பாருங்கள், அட்டையில் கெட்டுப்போனால் நஷ்டமில்லை. சாமானைப் பயன்படுத்துகிறவர்களிடம் போய் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். நாலு பேரும் வரி விடாமல் எழுதிக்கொண்டார்கள். இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை என்று அம்மாள் நெகிழ்ந்து போனார். பாவம்.

மறுநாளே பயிற்சி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. இன்னாசிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியது. முதலில் தோன்றியது ஆயிற்றே என்று அதை ஓரமாக வைத்துவிட்டு, கடையநல்லூர் பஸ்ஸில் ஏறிப் போய், அங்கே யாரையும் தெரியாததால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தான். வடிவழகி வீட்டில் தோசை ஊற்றுவதற்கு முன்னால் அட்டையில் ஒரு தோசை வெட்டிப் புருஷனுக்குப் பரிமாறினாள். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டு இன்றைக்குக் கொஞ்சம் முறுகலாக இருக்கிறது என்றாராம். அவர் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார்.

அண்ணாச்சியோ ஒரு தெருக்குழாய்க்குப் போய், தண்ணீர் பிடிக்கிற பெண்களிடம் வாளியில் என்ன கஷ்டம் என்று பணிவாகக் கேட்டார். நிறைந்தால் கனக்கிறது அண்ணாச்சி, இடுப்பு விட்டுப் போகிறது என்றார்கள். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் இதைக் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று திரும்பி வந்து, நிறையவே நிறையாத வாளி ஒன்றை வரைந்தார். பாதி உயரத்தில் சுற்றிலும் ஓட்டை. அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் வெளியே போய்விடும், கனக்காது. தலைவர் பதவி தப்பியது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

பயிற்சி முடிகிற நாள் வந்தது. நாலு மணிக்கு முதலாளி வருவதாக ஏற்பாடு. மூன்று மணி வாக்கில் ரேணுகாதேவி அம்மாள், பிரிக்க முடியாத அந்தப் பழைய வாளிகளை ஒரு தடவை பார்க்கலாம் என்று மாதிரிச் சாமான்கள் வைக்கிற அறைக்குள் போனார். அடித்த காற்றில் கதவு சாத்திக்கொண்டு, வெளிப்பக்கம் இருந்த கொண்டி தானாக விழுந்து மாட்டிக்கொண்டது.

"ஏனுங்க, கதவு சாத்திக்கிச்சு. கொஞ்சம் திறந்து விடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நாலு பேரும் கதவின் முன்னால் வந்து நின்றார்கள். கொண்டி கண்ணுக்கு நேரே இருந்தது. சுடலைமணி கையை நீட்டினான். அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்யப் போற?"

"கொண்டியைத் தூக்கலாம்னு தோணுச்சு அண்ணாச்சி."

"முதல்ல தோணுனதா?"

சுடலைமணி வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டான். பயிற்சி கொடுத்த அம்மாள் கதவுக்கு அந்தப் பக்கமே நிற்கும்போது இப்படி ஒரு தப்பைச் செய்ய இருந்தோமே என்று அவனுக்கு அவமானமாகிவிட்டது.

இன்னாசி உடனே அட்டையில் ஒரு கதவும் ஒரு கொண்டியும் செய்து, அதைத் திறந்து திறந்து பார்த்தான். நன்றாகத் திறந்தது. அட்டைக் கதவு திறந்ததும் நாலு பேரும் கை தட்டினார்கள். அம்மாள் இன்னும் உள்ளே இருப்பதை வடிவழகிதான் ஞாபகப்படுத்தினாள். பயன்படுத்துகிறவரைக் கேட்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றி, கதவில் வாயை வைத்துக் கேட்டாள்.

"மேடம், இந்தக் கதவுல உங்களுக்கு என்ன கஷ்டம்னு சொல்ல முடியுமா?"

"திறக்கலைங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வடிவழகி அதை எழுதிக்கொண்டாள். வேறு ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டாள். அந்த அம்மாள் அப்போது சொன்னது கோயம்புத்தூர்த் தமிழ். இவர்களுக்கு முழுசாகப் புரியவில்லை, அதையும் எழுதிக்கொண்டாள்.

முதலாளி சொன்னபடி நாலு மணிக்கு வந்துவிட்டார். மூடிய கதவு முன்னால் நாலு பேரும் அட்டைக் கதவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே யாரோ இருமுவது கேட்டது. நேராகப் போய்க் கொண்டியைத் தூக்கினார், கதவு திறந்துகொண்டது.

"இது கூடவா உங்களுக்குத் தோணல?" என்று கேட்டார்.

கோமதிநாயகம் அண்ணாச்சி பெருமிதத்தோடு எழுந்து நின்றார். "அதுதான் முதலாளி எங்களுக்கு முதல்லயே தோணுச்சு. அதான் செய்யல."

ரேணுகாதேவி அம்மாள் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையைக் கூட எடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்ததில் ஒன்று விடாமல் செய்தார்கள் என்று முதலாளியிடம் உள்ளபடி சொல்லிவிட்டு, வாசலில் வந்த முதல் ஆட்டோவில் ஏறிப் போனார். முதலில் வந்த ஆட்டோவிலேயே ஏறிவிட்டாரே என்று இன்னாசிக்கு மனசுக்குள் சின்ன வருத்தம்.

முதலாளி அடுத்துப் புது வாளியைக் கொண்டு வரச் சொன்னார். அண்ணாச்சி கொண்டு வந்து வைத்துத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார். பாதி வரைக்கும் நிறைந்தது. மீதி அத்தனையும் சுற்றிலும் பீறிட்டு முதலாளியின் வேட்டியில் இறங்கியது. முதலாளி வேட்டியைப் பிழிந்தார். நாளையிலிருந்து நீங்கள் நாலு பேரும் பிசிறு வெட்டுகிற கூடத்தில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாளைக் காலை வாட்ச்மேன் எழுந்து நிற்க மாட்டானே என்று நினைத்து மூக்கை உறிஞ்சினார். நாற்பது பேருக்கு நடுவில் சாக்கில் உட்கார்ந்து பிளேடைப் பிடித்தால் தன்னை யார் தலைவர் என்பார்கள்? மற்றவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள்.

வடிவழகிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணாச்சி, எடுத்த எடுப்புல நாமளே போயி உக்காந்து, அங்கன ஏதாவது கெட்டுப்போச்சுன்னா?"

அண்ணாச்சி நிமிர்ந்தார். முகம் தெளிந்துவிட்டது. எதையும் அட்டையில் செய்து பார்க்க வேண்டும் அல்லவா!

பெரிய பெட்டி அட்டைகளைத் தரையில் விரித்து, ஒருவர் மாற்றி ஒருவர் அதன் மேல் படுத்து, சுற்றிலும் கோடு போட்டு வெட்டினார்கள். உட்காருவதற்கு முழங்காலில் மடித்தார்கள். அண்ணாச்சியின் அட்டைக்கு மீசையும் கண்ணாடியும் வரைந்தான் இன்னாசி. வடிவழகி தன்னுடையதற்குப் பூ வைத்தாள். மறுநாள் காலையில் நாலு அட்டைகளையும் கூடத்தில் சாக்கு விரித்து உட்கார வைத்து, ஆளுக்கொரு பிளேடைச் செருகிவிட்டு, டிசைன் பிரிவுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஒரு வாரம் போயிற்று. கூடத்து மேஸ்திரி முதலாளியிடம் போய், புதுசாக வந்த நாலு பேரால் ஒரு தொந்தரவும் இல்லை, டீ குடிக்கக் கூட எழுந்திருக்கிறதில்லை, ஆனால் வேலை ஒன்றும் நடக்கவில்லை என்றார்.

"அவங்க வேலை செஞ்சாத்தான்வே எனக்கு நஷ்டம்" என்றார் முதலாளி.

அந்த வாரம் ஒரு கடைக்காரர் கூடப் புகார் சொல்லவில்லை. ஒரு வாளி கூடத் திரும்பி வரவில்லை. முதலாளி கூடத்துக்கு இறங்கி வந்தார். நாலு பேரையும் கிட்டத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். மீசை வைத்த அட்டையின் தோளில் கை வைத்து, இலேசாக அசைத்தும் பார்த்தார். அது மறுபேச்சுப் பேசவில்லை. முதலாளியின் முகத்தில் பல மாசத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. பயிற்சிக்குச் செலவு செய்தது வீண் போகவில்லை, இந்த நாலு பேரையும் இன்றைக்கே டிசைன் பிரிவில் கொண்டு போய் உட்கார வையுங்கள் என்று எல்லார் காதிலும் விழும்படி உத்தரவு போட்டார்.

சேதி வந்ததும் டிசைன் பிரிவில் நாலு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பதவி தப்பியது! கோமதிநாயகம் அண்ணாச்சி கோவில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அட்டைகள் வந்து சேர்ந்தன. அண்ணாச்சி தன் நாற்காலியை விட்டு எழுந்து, அதைத் துண்டால் துடைத்து, மீசை வைத்த அட்டையை அலுங்காமல் உட்கார வைத்தார். மற்ற மூவரும் அவரவர் இடத்தில் அவரவரை வைத்தார்கள்.

"அப்போ பிசிறு வெட்டுற கூடத்துல நம்ம இடம் காலியால்லா கிடக்கும்?" என்று சுடலைமணி கேட்டான்.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அட்டை போய்விட்டு நல்லபடியாகத் திரும்பியும் வந்துவிட்டது, இனி பயமில்லை. நாலு பேரும் பிளேடை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினார்கள். வாசல் வரைக்கும் போன அண்ணாச்சி மட்டும் திரும்பி வந்து, நாற்காலியில் இருந்த அட்டையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி, மறந்துட்டியளா எதையும்?" என்றான் இன்னாசி.

"தலைவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போகப்படாதுல்லா" என்றார் கோமதிநாயகம்.