ஒரே ஒரு வாய் இருந்த அரண்மனை

முன்னொரு காலத்தில் செம்பொறை நாட்டைக் கோவரையன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு யோசனை, மாலையில் இன்னொரு யோசனை. கடைசியாக யார் காதில் பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அன்றைய சட்டம்.

செம்பொறையின் உயிர் அதன் பேரேரி. ஏரியின் மதகு ஆழத்தில் இருந்தது. வயலுக்குத் தண்ணீர் விட வேண்டுமானால், ஒருவர் மூச்சடக்கி மூழ்கி அடைப்புக் கல்லை நகர்த்த வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன், கடல் பொங்கி ஊரையே விழுங்கியதால், முத்துக் குளிக்கும் நாற்பது குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. மதகு வேலையை அவர்கள்தான் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து தூரும் வாரினார்கள்.

ஏரிக் கண்காணி சடைமாறன் அவர்களுக்கு அரைக்கூலி நெல்தான் அளந்தான். "அவர்கள் இதற்கே வருகிறார்களே!" என்று சொல்லி உள்ளூர்க்காரர்களின் கூலியையும் குறைத்தான். மிச்ச நெல் அவன் வீட்டுக் குதிருக்குப் போனது.

ஒருநாள் அந்தக் குடும்பங்களின் தலைவி வலம்புரி சபைக்கே வந்து, "எல்லோருக்கும் முழுக்கூலி வேண்டும்" என்று கேட்டுவிட்டாள். "நியாயமான பேச்சு" என்றார் மந்திரி அறவாழியார். சடைமாறன் முகம் கறுத்தது.

மறுநாள் சடைமாறன் ஒரு பானைக் கூழோடு சபைக்கு வந்தான். பத்துப் பேரை உட்கார வைத்துப் பத்துக் கலயம் நிரப்பினான். பிறகு பதினோராவதாக ஒருவனை உட்கார வைத்து, பத்துக் கலயத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அவனுக்கு ஊற்றினான்.

"பார்த்தீர்களா, மகாராஜா? ஒரு வாய் கூடினால் எல்லோருக்கும் குறைகிறது. ஒரு வாய் போனால் மற்றவர்களுக்குக் கூடும். வந்தவர்களை அனுப்பிவிடுங்கள்!"

"அடடா, கண்ணெதிரே குறைகிறதே!" என்றான் ராஜா. "ஐந்தாம் நாளுக்குள் அந்த நாற்பது குடும்பமும் எல்லை தாண்ட வேண்டும்!"

வலம்புரி அழவில்லை. "எங்கே போவது, ஐயா? எங்கள் ஊர் தண்ணீருக்குள் கிடக்கிறது" என்று மந்திரியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அறவாழியார் யோசித்தார். தடுத்துப் பேசினால் ராஜாவின் பிடிவாதம் இறுகும் என்று அவருக்குத் தெரியும். எனவே கைதட்டினார்.

"அற்புதம், மகாராஜா! ஆனால் நாற்பது குடும்பத்தோடு ஏன் நிறுத்த வேண்டும்? ஒரே ஒருநாள் அரண்மனையிலிருந்து எல்லோரையும் வெளியேற்றிப் பார்ப்போம். களஞ்சியம் முழுவதும் தங்கள் ஒரு வாய்க்கு! உலகத்தில் அப்படியொரு செல்வந்தர் உண்டா?"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். "நாளைக்கே செய்!"

"நானும் போக வேண்டுமா?" என்று பதறினான் சடைமாறன்.

"ஒரு வேளைக்கு ஐந்து கலயம் குடிக்கிறவர் முதலில் போக வேண்டாமா, கண்காணியாரே?" என்றார் அறவாழியார். சபை சிரித்தது.

மறுநாள் விடிந்தது. அரண்மனையில் ராஜாவைத் தவிர ஒருவரும் இல்லை. களஞ்சியத்தைத் திறந்தான். மலை மலையாக நெல்! நெல்லை அப்படியே தின்ன முடியுமா? உலக்கையை எடுத்தான். மூன்றாவது குத்து அவன் கால் விரலில் விழுந்தது. தண்ணீர் இறைக்கப் போனான். வாளி கயிற்றோடு கிணற்றுக்குள் போனது. மதியத்துக்குள் பசி வயிற்றைக் கிள்ளியது. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஏரிக்கரைப் பக்கமாக நடந்தான்.

அறவாழியார் தூரத்தில் மறைந்து பின்தொடர்ந்தார். ராஜா கடற்கரைக்காரர்களின் குடிசைகளுக்குப் போவான் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.

முதல் குடிசை வாசலில் வலம்புரியின் மாமனார் ஆழியப்பன் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பார்வை கிடையாது.

"யாரப்பா அது? நடையிலேயே பசி தெரியுதே. உட்காரு."

"பெரியவரே, நான் இன்றைக்கு ஒரு வேலையும் செய்யவில்லை."

"பசிச்சு வந்தவன்கிட்ட அதையா கேப்பாங்க? உப்புத்தண்ணி என் கண்ணைத் தின்னு பல வருசம் ஆச்சு. நான் மட்டும் என்ன வேலை செய்யறேன்? இந்தா." கலயத்தில் இருந்ததில் பாதியை ஊற்றிக் கொடுத்தார்.

"எனக்குக் கொடுத்தால் உங்களுக்குக் குறையுமே?"

"இன்னிக்குக் குறையும். நாளைக்கு நீயும் ரெண்டு கூடை மண் அள்ளுனா கூடப்போவுது. இதுக்குப் போயி ரோசனை பண்ணுவியா? குடி, தம்பி."

ராஜா தலை குனிந்து குடித்தான்.

அடுத்த நாள் சபை கூடியது. நாற்பது குடும்பங்களும் வந்திருந்தன.

"கண்காணி! உன் பதினோரு பேருக்கும் வாய் வைத்தாயே, கை வைக்க ஏன் மறந்தாய்? அந்தக் கூழ் தானாகவா பானைக்குள் வந்தது?" என்று கேட்டான் ராஜா.

சடைமாறன் ஓரடி பின்வாங்கினான்.

"அப்படியானால் கை ஓய்ந்தவர்களை என்ன செய்வது, மகாராஜா?" என்று கேட்டார் அறவாழியார். ராஜாவின் வாயிலிருந்தே பதில் வர வேண்டும் என்று அவர் நினைத்தார்.

"கை ஓய்ந்த ஒருவர்தான் நேற்று எனக்குப் பசியாற்றினார், மந்திரியாரே. அவரைத் துரத்தினால் நான் மனிதனா?"

பிறகு ராஜா தீர்ப்புச் சொன்னான். ஒருவரும் எல்லை தாண்ட வேண்டாம். உள்ளூரோ வெளியூரோ, ஒரே வேலைக்கு ஒரே கூலி. சடைமாறன் பிடித்து வைத்த நெல் முழுவதும் உழைத்தவர்களுக்கே திரும்பும். கண்காணிப் பதவி இனி வலம்புரிக்கு. சடைமாறன் ஒரு வருடம் ஏரியில் தூர் வார வேண்டும்.

"அதுவும் அவன் வைத்த அதே அரைக்கூலிக்கு!" என்று முடித்தான் ராஜா. சபை ஆரவாரித்தது.

வலம்புரி மட்டும் கையை உயர்த்தினாள். "வேண்டாம், மகாராஜா. அவருக்கும் முழுக்கூலி கொடுங்கள். ஒருவருக்குக் குறைத்தால், அதைக் காட்டியே எல்லோருக்கும் குறைப்பார்கள். அதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்."

ஆரவாரம் அடங்கியது. சடைமாறன் நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றான். அறவாழியார் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து சபை முழுவதும் எழுந்தது. கடைசியில் ராஜாவும் சிம்மாசனத்தை விட்டு எழுந்தான்.

"கேட்டீரா, மந்திரியாரே?" என்றான், நெஞ்சு நிமிர்த்தி. "இப்படிப் பேசுகிற குடிமக்கள் எனக்கு இருக்கிறார்கள்!"