தண்ணீர் வற்றட்டும்

"சார், கையெழுத்து எப்பப் போடுவீங்க?" என்று கேட்டாள் சபுரா.

"தண்ணி வத்தட்டும்க்கா" என்றார் அருளப்பன்.

சபுரா எம்.எஸ்சி. கடல் உயிரியல் கடைசி ஆண்டு மாணவி. பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு படிக்க வந்தவள். அருளப்பன் அவளுடைய ஆய்வு வழிகாட்டி, அவளைவிட வயதில் சிறியவர். ஆகவே பாடத்தில் அவர் சார், மற்றதில் எல்லாம் அவள் அக்கா. இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

இப்போதுதான் சங்கடம் வந்திருக்கிறது.

ஆய்வேடு முடிந்து அவர் மேசையில் கிடக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். திங்கள்கிழமை கடைசி நாள். தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் வேலையை அவளுக்காகப் பிடித்து வைத்திருக்கும் தலைமை ஆசிரியை அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்.

மறுநாளும் போய்க் கேட்டாள்.

"தண்ணி இன்னும் வத்தலக்கா."

"தினமும்தானே சார் வத்துது?"

"சரியா வத்தணும்."

சபுராவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வெளியே வந்து மரத்தடியில் நின்று, படித்தவர்களுக்குக் கிறுக்குப் பிடித்தால் வைத்தியமே கிடையாது என்று மரத்திடம் சொன்னாள்.

அவளுடைய ஆய்வு பிடில் நண்டுகளைப் பற்றியது. ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும். தண்ணீர் வற்றியதும் வளையை விட்டு வெளியே வந்து, அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும்.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு சேற்றுத் திட்டு. அதன் நடுவில் ஓர் உடைந்த படகு. படகுக்கு இரண்டு பக்கமும் நண்டு வளைகள். காலையில் தண்ணீர் வற்றும் நாள்களில் எல்லாம் சபுரா அந்தப் படகில் ஏறி உட்கார்ந்து, குடையைப் பிடித்துக்கொண்டு நண்டுகளை எண்ணினாள். மதியத்துக்குள் வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும். அதனால் காலை மட்டும்தான்.

அப்படி எண்ணியதில்தான் அதைக் கண்டுபிடித்தாள்.

கிழக்குப் பக்கத்து நண்டுகள் துணிச்சல்காரர்கள். கூட்டமாக வெளியே வந்து கையை ஆட்டிக்கொண்டே இருக்கும். மேற்குப் பக்கத்து நண்டுகளுக்குக் கூச்சம். எட்டிப் பார்க்கும், உள்ளே போய்விடும். ஒரே இனம், ஒரே சேறு, ஒரே உப்புத் தண்ணீர். குணம் மட்டும் இரண்டு.

அன்று வீடு திரும்பும்போது பேருந்தில் பக்கத்துச் சீட்டு அம்மாவிடம் சொன்னாள். மீன்காரியிடம் சொன்னாள். இரவு கணவரிடம் சொன்னாள். அவர் அன்றுமுதல் தம் சொந்தக்காரர்களைக் கிழக்கு நண்டு, மேற்கு நண்டு என்று பிரிக்க ஆரம்பித்தார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வயதுக்கு மேல் உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருக்கிறதே என்று இருந்தது.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் மேற்குத் திட்டின் படத்தை அவளே எடுத்து ஒட்டியிருந்தாள். ஒரு நண்டுகூட இல்லாத வெறும் வளைகள். கூச்சத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அருளப்பன் அந்தப் படத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் வற்றும் பேச்சு தொடங்கியது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் வத்துதுக்கா. படகுக்கு வாங்க. குடையையும் எடுத்துக்குங்க."

அவர் ஆய்வேட்டோடு வந்து காத்திருந்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. அதைப் பார்த்ததும் சபுராவுக்குப் பாதி உயிர் வந்தது.

"எப்பவும் உக்கார்ற இடத்துல உக்காருங்க" என்றார். அவர் படகுக்குள் இறங்கிப் பலகைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டார்.

சபுரா உட்கார்ந்தாள். மேற்கே வெயில் சாய்ந்து கண் கூசியது. குடையை விரித்தாள்.

 சேறு மெல்ல அடங்கியது.

பிறகு நண்டுகள் வந்தன.

மேற்கே வந்தன. கூச்சக்காரர்கள் என்று அவள் பக்கம் பக்கமாக எழுதி வைத்த அதே நண்டுகள், திட்டு முழுக்கச் சிவப்புக் கைகளை ஆட்டின.

கிழக்கே திரும்பினாள். வெறும் வளைகள்.

"சார், இடம் மாறிடுச்சு" என்றாள்.

"அப்படியா?"

"எண்ணின நாள் பூரா இந்தப் பக்கம்தான் சார் துணிச்சல்."

"சாயங்காலம் வந்து பாத்திருக்கீங்களா?"

"நீங்கதானே சொன்னீங்க, ஒரே இடம், ஒரே நேரம், எதையும் மாத்தக் கூடாதுன்னு."

"சொன்னேன்க்கா. அதனாலதான் இந்த வாரம் பூரா எனக்குத் தூக்கம் இல்ல."

சபுரா மறுபடி கிழக்கே பார்த்தாள். சேற்றின்மேல் கறுப்பாக ஒன்று நீண்டு கிடந்தது. படகு, அதன்மேல் ஓர் உடம்பு, உடம்புக்கு மேல் ஒரு பெரிய வட்டம்.

முதல் பக்கத்துப் படத்தின் ஓரத்தில் இருந்த கறுப்பு வட்டம் நினைவுக்கு வந்தது. அது சேற்றின் ஈரம் என்று நினைத்திருந்தாள்.

குடையை மடக்கினாள்.

வட்டம் இருந்த இடத்தில் ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஏழெட்டு ஒன்றாக வெளியே வந்து ஒரு கையைத் தூக்கின.

விரித்தாள். அத்தனையும் வளைக்குள் போயின.

மடக்கினாள். வந்தன.

குடையை ஒரு பக்கம் சாய்த்தாள். சாய்த்த பக்கம் காலியாயிற்று, மறுபக்கம் கைகள் ஆடின. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சபுரா படகின்மேல் எழுந்து நின்றாள். நின்றதும் நிழலும் நீண்டது. அவள் நிழல் எட்டிய தூரத்தில் இருந்த வளைகளும் ஒரே நேரத்தில் காலியாயின.

"சார்," என்றாள், "அது நான்."



அவள் சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாள் காலையில் அவள் வந்து உட்கார்ந்து, மேற்கே விழுந்த நிழலால் இதுகளைப் பயமுறுத்திவிட்டு, பயந்துபோன பிள்ளைகளுக்குக் கூச்ச சுபாவம் என்று பட்டம் கட்டியிருக்கிறாள்.

அந்தச் சிரிப்பு முடியும்போதுதான் திங்கள்கிழமை நினைவுக்கு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு சார். எல்லாம் தப்பு. முதல்ல இருந்து எண்ணணும்."

"எண்ணினது தப்பா?"

யோசித்தாள். ஒவ்வொரு காலையும் நண்டு வந்ததும் போனதும் அவள் கண்ணால் பார்த்தது. ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"எண்ணினது சரிதான்."

"அப்ப ஒரு நம்பரையும் மாத்தாதீங்க."

"பின்ன எதை சார் எழுதறது?"

அருளப்பன் பலகைக்குக் கீழிருந்து கையை மட்டும் வெளியே நீட்டினார். அதில் ஆய்வேடும் பேனாவும் இருந்தன.

"நண்டு எதைப் பாத்துச்சோ, அதை."

சபுரா ஆய்வேட்டைப் பிரித்தாள். ஆய்வு நடந்த விதத்தைச் சொல்லும் அத்தியாயத்துக்குப் போனாள். சேற்றின் சூடு இருந்தது. தண்ணீரின் உப்பு இருந்தது. காற்று வீசிய திசை இருந்தது. அங்கே இருந்தது எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக அவள் நினைத்திருந்த பக்கம் அது.

பக்கத்தின் ஓரத்தில் எழுதினாள்.

'நடுவில் ஒரு பெண். கையில் கறுப்புக் குடை.'

அருளப்பன் பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார்.